எம்பிஏ விண்ணப்பத்துக்கு முன்னால்: உங்களை நீங்களே தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

இந்தியாவில் முழுநேர எம்பிஏ பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு. கேட்கும்போது நிறைய நேரம் இருப்பதுபோலத் தோன்றும். பெரிய கல்லூரிகளின் நாட்காட்டியைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கும். ஜூன் வாக்கில் வகுப்பு தொடங்குகிறது. அக்டோபர், நவம்பரிலேயே பல இடங்களில் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்க நிறுவனங்கள் வந்துவிடுகின்றன. இன்டர்ன்ஷிப் நடப்பது அடுத்த ஏப்ரல், மே மாதங்களில்தான். ஆனால் யார் எந்த நிறுவனத்துக்குப் போகிறார் என்பது முதல் டெர்ம் முடியும் நேரத்திலேயே முடிவாகிவிடும். இன்டர்ன்ஷிப் நன்றாக அமைந்தால் அதே நிறுவனம் படிப்பு முடியும் முன்பே வேலையை உறுதி செய்யும். பிபிஓ (ப்ரீ-பிளேஸ்மென்ட் ஆஃபர்) என்பார்கள். பலருக்கு முதல் வேலை இப்படித்தான் அமைகிறது.

ஆக, மார்க்கெட்டிங்கா, ஃபைனான்ஸா, கன்சல்டிங்கா, எச்ஆரா என்ற கேள்விக்குச் சேர்ந்த நாலைந்து மாதத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த மாதங்களில் கணக்குப்பதிவியல், பொருளாதாரம், புள்ளியியல் என்று பாடங்கள் ஒருபக்கம் நெருக்கும். அறிவிக்காமல் வைக்கும் குவிஸ் ஒருபக்கம். சீனியர்கள் சிவியை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் சான்றிதழ் எங்கே என்று கேட்பது இன்னொரு பக்கம். உட்கார்ந்து யோசிக்க அங்கே நேரம் கிடைக்காது. "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று போகிறவர்கள், பக்கத்து அறை நண்பர் எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறாரோ அதற்கே தாங்களும் விண்ணப்பிக்கிறார்கள். அந்த நெருக்கடியில் வேறு எதுவும் தோன்றாது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால்தான் இந்த வேலையை விண்ணப்பத்துக்கு முன்பே முடிக்கச் சொல்கிறேன். ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர எழுதும் கேட் (CAT) நுழைவுத் தேர்வு நவம்பர் கடைசியில் வருகிறது. மார்ச், ஏப்ரலில் தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம். கல்லூரி இறுதியாண்டில் இருப்பவர்களையும், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

சம்பவங்களில் தொடங்குங்கள்

"நான் கடின உழைப்பாளி. தலைமைப் பண்பு உண்டு. குழுவோடு இணைந்து வேலை செய்வேன்." இப்படி எழுதப்படாத விண்ணப்பம் குறைவு. இந்த வரிகளை வைத்து உங்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. பண்புச் சொற்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நோட்டில் நடந்தவற்றை மட்டும் எழுதத் தொடங்குங்கள். கடந்த சில வருடங்களில் நீங்கள் இழுத்துப்போட்டுச் செய்த காரியங்கள், பதினைந்து இருந்தால் போதும். ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது, அதில் உங்கள் பங்கு எது, யாரும் சொல்லாமல் நீங்களாகச் செய்தது என்ன, முடித்தபோது களைப்பாக இருந்ததா தெம்பாக இருந்ததா என்று எழுதுங்கள்.

ஒரு பொறியியல் கல்லூரி சிம்போசியத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கோவை கிராஸ்கட் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி ஸ்பான்சர் பிடிக்கிறார். பத்துக் கடையில் எட்டுப் பேர் முடியாது என்றாலும் ஒன்பதாவது கடைக்குச் சிரித்தபடியே போகிறார். இன்னொருவர் வந்த பணத்தையும் போன பணத்தையும் ஒரு ஷீட்டில் போட்டு, மேடை அலங்காரத்தில் எவ்வளவு குறைத்தால் சாப்பாட்டுக்குக் காணும் என்று ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறார். மூன்றாமவர், சாப்பாட்டு டோக்கன் விஷயத்தில் இரண்டு டிபார்ட்மென்ட்காரர்கள் அடித்துக்கொள்ளப் போகும்போது நடுவில் நின்று பேசிச் சமாளிக்கிறார். சிவியில் மூவருக்கும் "ஒருங்கிணைப்பாளர்" என்ற ஒரே சொல்தான் வரும். ஆனால் முதலாமவர் சேல்ஸில் பிழைத்துக்கொள்வார். இரண்டாமவருக்கு ஃபைனான்ஸ் அல்லது ஆபரேஷன்ஸ் ஒத்துவரும். மூன்றாமவர் எச்ஆர் பக்கம் யோசிக்கலாம். நீங்கள் இந்த மூவரில் யார் என்பது உங்கள் நோட்டிலிருந்து தெரிய வேண்டும்.

தள்ளிப்போட்டவற்றையும் எழுதுங்கள். போன் பண்ணிப் பேச வேண்டிய வேலையை மெயில் அனுப்பி முடித்துவிடுகிறீர்களா? டெஸ்டிங் அறிக்கை எழுதச் சொன்னால் மூன்று நாள் இழுக்கிறீர்களா? ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்பத் தள்ளிப்போகிறது என்றால், சாதனைப் பட்டியலை விட அது உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

மற்றவர்கள் கண்ணுக்கு நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள்

1955இல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சின்னக் கட்டத்தை வரைந்தார்கள். ஜோஹாரி சாளரம் என்று அதற்குப் பெயர். உங்களைப் பற்றி உங்களுக்கும் பிறருக்கும் தெரிந்தது ஒரு கட்டம். உங்களுக்கு மட்டும் தெரிந்தது ஒரு கட்டம். பிறருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது மூன்றாவது. யாருக்குமே தெரியாதது நாலாவது. மேலாண்மைக் கல்லூரிகளின் நடத்தையியல் வகுப்பில் இதைக் கட்டாயம் பார்ப்பீர்கள். வகுப்பில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்றாவது கட்டத்தை நிரப்பும் வேலையை நீங்கள்தான் வெளியே செய்ய வேண்டும்.

ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். கூட வேலை செய்த ஒருவர், மேலே இருந்து வேலை வாங்கிய ஒருவர், கூடப் பிறந்தவர், நெருங்கிய நண்பர், உங்களோடு ஒரு தடவையாவது கடுமையாக முரண்பட்டவர். கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள், மற்ற நால்வரும் சொல்லத் தயங்குவதை அவர் சொல்வார்.

நம் ஊரில் "என்னைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் "நல்ல பையன், நல்லா வருவ" என்று முடித்துவிடுவார்கள். பெரியவர்கள் மனம் நோகப் பேச மாட்டார்கள். கேள்வியை மாற்றினால் பதில் மாறும். "அண்ணா, டீம்ல எந்த வேலையை என்கிட்ட நம்பிக் கொடுப்பீங்க? எதை என்கிட்ட கொடுக்கவே மாட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வதுதான் உங்களுக்கு வேண்டியது. தங்கையிடமோ அக்காவிடமோ என்றால், "நான் வீட்ல எப்ப எரிஞ்சு விழறேன்?" என்று கேட்கலாம். பதில் வந்ததும் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். அன்றைக்கு ஏன் அப்படி நடந்தது என்று நீங்கள் நியாயம் பேசினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்து நோட்டில் எழுதுங்கள். மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால், உங்களுக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் உண்மையாக இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஆளுமைத் தேர்வுகளைப் பற்றியும் கேட்பீர்கள். எம்பிடிஐ என்ற நாலெழுத்துத் தேர்வு மிகப் பிரபலம். சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு எழுத்துகள் வந்துவிடுகின்றன என்பது அதன் மீதான பழைய விமர்சனம். எழுதிப் பார்ப்பதில் தவறில்லை. அதை நம்பி வேலைத் துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கணிப்பை எழுதி, பிறகு சரிபாருங்கள்

மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் பரிந்துரைத்த ஒரு பழக்கம் இருக்கிறது. முக்கியமான முடிவு எடுக்கும் ஒவ்வொரு முறையும், இதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வைத்துவிட வேண்டும். ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து, நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எதில் நமக்குக் கை கூடுகிறது, எதில் நம் கணிப்பு எப்போதும் தப்புகிறது என்பது சில வருடங்களில் பிடிபடும்.

விண்ணப்பம் போடுகிறவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. இதையே சின்ன அளவில் கேட் மாதிரித் தேர்வுகளில் செய்யலாம். கேட்டில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண், தேர்ந்தெடுத்து எழுதும் கேள்வியில் தவறினால் 1 குறையும். ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கு முன்பும் எத்தனை கேள்வி எடுப்பீர்கள், அதில் எத்தனை சரியாக வரும் என்று எழுதிவிட்டு உட்காருங்கள். முடிந்ததும் ஒப்பிடுங்கள். பத்துத் தேர்வு ஆனதும் பாருங்கள். கடினமான கணக்கை விட மனம் வராமல் ஏழெட்டு நிமிடம் அதிலேயே நிற்பவரா? பயத்தில் தெரிந்த கேள்வியையும் விட்டுவிடுபவரா? தெரியாததையும் தைரியமாக அடித்துவிடுபவரா? இந்தக் குணம் தேர்வு அறையோடு நிற்பதில்லை. சிக்கலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு ஆராய்ச்சி சார்ந்த வேலை பிடிக்கலாம். அரைகுறைத் தகவலை வைத்தே சட்டென்று முடிவெடுக்கிறவர் களத்தில் நிற்கும் வேலையில் சோர்ந்துபோக மாட்டார்.

எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்?

அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன், அங்கே மேலாண்மை படித்துப்போன 44 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார். வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மறுப்பதைக் கண்டார். அதற்கு வாழ்க்கைப்பணி நங்கூரம் என்று பெயர் வைத்தார். பிறகு விரிந்த பட்டியலில் எட்டு இருக்கின்றன: ஒரு தொழில்நுணுக்கத்தில் கைதேர்ந்தவராக இருப்பது, பலரை நிர்வகிப்பது, தன்னிச்சையாக வேலை செய்வது, பாதுகாப்பும் நிலைத்தன்மையும், புதிதாகத் தொழிலை உருவாக்குவது, ஒரு நோக்கத்துக்காக உழைப்பது, கடினமான சவால், குடும்பமும் வேலையும் ஒன்றையொன்று நசுக்காத வாழ்க்கை.

இதைப் படித்ததும் எல்லாமே வேண்டும் என்று தோன்றும். அது இயல்பு. மோதவிட்டுப் பாருங்கள். சம்பளம் ஒன்றரை மடங்கு, ஆனால் அடுத்த மூன்று வருடம் எந்த ஊரில் போடுவார்கள் என்று தெரியாது என்றால்? ஆறு பேருக்கு மேலாளராகலாம், ஆனால் நீங்கள் ஆசையாகச் செய்யும் டிசைன் வேலையை இனி தொடவே முடியாது என்றால்? உங்களுக்கு முதலில் வரும் பதிலைக் காரணத்தோடு எழுதுங்கள். "பாதுகாப்புதான் முக்கியம்" என்று எழுத நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. அப்பா ஓய்வுபெறப் போகிறார், வீட்டுக் கடன் இன்னும் பாக்கி என்ற நிலையில் நிலையான வருமானத்தை முதலில் வைப்பது தெளிவான, பொறுப்பான முடிவு. அதை மறைத்து ஸ்டார்ட்அப் கனவு என்று எழுதினால்தான் பிறகு சிக்கல்.

ஷைன் சொன்ன இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில வருடம் வேலை செய்து பார்த்த பிறகுதான் இந்த நங்கூரம் தெளிவாகும் என்றார் அவர். இறுதியாண்டு மாணவருக்கு இது இன்னும் மங்கலாகத்தான் இருக்கும். நோட்டில் எழுதும் சம்பவங்கள் எல்லாமே வகுப்பு, ஹாஸ்டல், சிம்போசியம் என்று நின்றுவிட்டால், ஒரு வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து எம்பிஏ யோசியுங்கள் என்பதே என் கருத்து. படிப்பு முடித்த கையோடு போகிறவர்களும் நன்றாக வருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மேலாளரிடம் திட்டு வாங்கியவருக்கு நிறுவன நடத்தை வகுப்பில் பாதி பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் எம்பிஏ வேண்டாம் என்று முடிவுக்கு வந்தால் அதுவும் நல்ல முடிவுதான். தொழில்நுணுக்கம்தான் உங்கள் நங்கூரம் என்றால் எம்டெக் அல்லது இருக்கும் துறையிலேயே ஆழமாகப் போவது பொருந்தலாம். சிவகாசியிலோ திருப்பூரிலோ குடும்பத் தொழில் இருக்கிறது என்றால், வேலைவாய்ப்பைக் குறிவைத்த பொது எம்பிஏவை விட, மும்பை எஸ்பி ஜெயின் கல்லூரி நடத்துவது போன்ற குடும்பத் தொழிலுக்கான படிப்பு பயன்படும்.

வேலையை நேரில் பாருங்கள்

நிறையப் பேர் ஒரு துறையின் பெயரைத்தான் விரும்புகிறார்கள். அந்தத் துறையில் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு என்ன செய்து கொண்டிருப்பார்கள் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதுதான் இந்த வழிகாட்டியிலேயே அதிக நேரம் செலவிட வேண்டிய படி.

மார்க்கெட்டிங் என்றால் விளம்பரம் எடுப்பது என்று நினைத்துப் போவார்கள். சோப்பு, பிஸ்கட் விற்கும் பெரிய நிறுவனங்களில் எம்பிஏ முடித்தவரைப் பெரும்பாலும் முதலில் சேல்ஸில்தான் போடுவார்கள். நாக்பூரிலோ கோரக்பூரிலோ ஒரு பகுதி கையில் வரும். டிஸ்ட்ரிபியூட்டரின் குடோனில் சரக்கு எவ்வளவு இருக்கிறது, நிறுவனத்திடமிருந்து அவருக்கு வர வேண்டிய கிளெய்ம் பணம் ஏன் நிற்கிறது, சேல்ஸ்மேன் இன்றைக்கு எந்த பீட்டுக்கு (கடை கடையாகச் சுற்றும் பாதை) போனார், மாதக் கடைசிக்குள் டார்கெட்டை எப்படி முடிப்பது என்பதே நாள் முழுக்கப் பேச்சு. இந்தி பேச வராவிட்டால் முதல் சில மாதம் கஷ்டம்தான், கற்றுக்கொண்டும் விடலாம். மனிதர்களோடு பேசிக்கொண்டே இருப்பதில் தெம்பு பெறுகிறவருக்கு இது அருமையான வேலை. தனியாக உட்கார்ந்து யோசிக்க விரும்புகிறவரை இது உலுக்கிவிடும்.

இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்றால் எக்செல் மாடல், பிரசன்டேஷன், நள்ளிரவுக்கு மேல் வரும் திருத்தங்கள். பெரும்பாலும் மும்பை. கன்சல்டிங்கில் வாடிக்கையாளரின் ஊருக்குப் போய், தெரியாத ஒரு தொழிலை இரண்டு வாரத்தில் புரிந்துகொண்டு, அந்தத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவர் முன்னால் நின்று பேச வேண்டியிருக்கும். எச்ஆர் என்றால் ஆள் எடுப்பது மட்டும் என்று நினைப்பவர்கள் ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் எச்ஆர்காரரிடம் பேசிப் பாருங்கள். யூனியன் பேச்சுவார்த்தை, ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை, ஷிப்ட் பஸ், கேன்டீன் சாப்பாடு என்று அவர் நாள் போகும். பிராடக்ட் மேனேஜ்மென்ட்டில் என்ஜினியர்களும் டிசைனர்களும் உங்களுக்குக் கீழே வேலை செய்ய மாட்டார்கள், ஆனால் அவர்களிடமிருந்து வேலை நடந்தாக வேண்டும். அதிகாரம் இல்லாமல் ஆட்களை இணங்க வைக்கும் பொறுமை அதற்கு வேண்டும்.

இவற்றைத் தெரிந்துகொள்ள எம்பிஏ முடித்து மூன்று முதல் ஐந்து வருடம் ஆனவர்களைப் பிடியுங்கள். அதற்கு மேலே போனவர்களுக்கு முதல் வருடம் மறந்துபோயிருக்கும். லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரி சீனியர்களைத் தேடினால் கிடைப்பார்கள். செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: "வணக்கம் சார். நம்ம காலேஜ்ல மெக்கானிக்கல் முடிச்சிட்டு ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன். அடுத்த வருஷம் எம்பிஏ விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன். உங்க சேல்ஸ் வேலை பற்றி இருபது நிமிஷம் பேச முடியுமா? சிபாரிசு எதுவும் கேட்க மாட்டேன்." பத்துப் பேருக்கு அனுப்பினால் மூன்று பேர் பதில் போடுவார்கள், அது போதும். பேசும்போது "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார். "நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். "உங்களோட சேர்ந்தவங்கள்ல யார் விட்டுட்டுப் போனாங்க, ஏன்?" என்பதையும் கேளுங்கள்.

கேட்பதோடு நில்லாமல் சின்னதாகச் செய்தும் பாருங்கள். தெரிந்த மளிகைக் கடைக்காரரிடம் சொல்லி, அங்கே வரும் சேல்ஸ்மேனோடு ஒரு நாள் பீட் சுற்றலாம். ஃபைனான்ஸ் ஆசை இருந்தால் டிவிஎஸ் மோட்டாரோ டைட்டனோ, பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இணையத்தில் இறக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படியுங்கள். சாப்பாட்டு நேரம் தெரியாமல் போனால் நல்ல அறிகுறி. கன்சல்டிங் என்றால், சென்னை மெட்ரோவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் போவார்கள் என்பதைக் காகிதத்தில் அனுமானம் போட்டுக் கணக்கிட்டு, பிறகு உண்மை எண்ணோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு தப்பினீர்கள் என்பதை விட, அந்தக் கணக்கைப் போடும்போது உற்சாகமாக இருந்ததா என்று பாருங்கள்.

பணக் கணக்கு

தன்னை அறிவது பற்றிப் பேசும்போது பணத்தை விட்டுவிடுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கடன்தான் பலருடைய முதல் வேலையைத் தீர்மானிக்கிறது.

பழைய ஐஐஎம்களில் இரண்டு வருடச் செலவு 20 லட்சத்தைத் தாண்டிவிடும். 20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 26,400 ரூபாய். ஏழு வருடத்தில் முடிக்க நினைத்தால் சுமார் 33,200. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருடம் வரை தவணையைத் தள்ளிவைக்க வங்கிகள் இடம் கொடுக்கும். அந்த நாட்களிலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. பெரிய கல்லூரிகளுக்கு எஸ்பிஐயின் ஸ்காலர் லோன் போன்ற திட்டங்களில் அதற்கு மேலும் அடமானம் இல்லாமல் கிடைக்கும். வித்யா லட்சுமி என்ற அரசு இணையதளத்தில் பல வங்கிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டும் வட்டிக்கு எட்டு வருடம் வரை வருமான வரிக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் மட்டும்.

கல்லூரிகள் காட்டும் சம்பள எண்ணைப் பார்க்கும்போது சராசரியை விட்டுவிட்டு இடைநிலை எண்ணை (மீடியன்) தேடுங்கள். நாலு பேருக்குக் கிடைத்த பெரிய சம்பளம் சராசரியைத் தூக்கிவிடும். இடைநிலை எண்ணுக்குக் கீழே பாதி வகுப்பு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். சிடிசி (நிறுவனம் ஒருவருக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) என்று போடுவதில் ஒருமுறை மட்டும் தரும் ஜாயினிங் போனஸும், கிடைத்தால் கிடைக்கும் ஊக்கத்தொகையும் சேர்ந்திருக்கும். ஐஐஎம் அகமதாபாத் முன்னெடுத்த ஐபிஆர்எஸ் என்ற அறிக்கை முறையில் நிச்சயமாக வரும் பணத்தையும் அதிகபட்சத்தையும் பிரித்துக் காட்டுவார்கள். அப்படி அறிக்கை வெளியிடும் கல்லூரியை நான் கூடுதலாக நம்புவேன்.

இப்போது நோட்டுக்குத் திரும்புங்கள். மனதுக்குப் பிடித்த துறையில் முதல் சம்பளம் குறைவு, கடன் தவணை அதிகம் என்றால் இரண்டும் சேர்ந்து ஓடாது. அப்போது செலவு குறைந்த கல்லூரி உங்கள் சுதந்திரத்தைக் கூட்டும். திருச்சியில் 1984 முதல் இருக்கும் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம், சென்னை ஐஐடியின் மேலாண்மைத் துறை, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேரக்கூடிய பல்கலைக்கழகத் துறைகள் எல்லாவற்றின் கட்டணத்தையும் ஐஐஎம் கட்டணத்தோடு ஒரே தாளில் எழுதி, பக்கத்தில் தவணையைப் போட்டுப் பாருங்கள். இதை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து செய்யுங்கள். வீட்டில் யாருக்குக் கல்யாணம் இருக்கிறது, வீட்டுக்கு மாதாமாதம் எவ்வளவு அனுப்ப வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நேர்காணல்

இதுவரை செய்ததை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தப் பகுதிக்குப் புதிதாக அதிகம் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டு பல வருடமாக விண்ணப்பத்தில் கேட்டுவரும் கேள்வி, உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன் என்பது. ஐஐஎம் நேர்காணலில் வேறு சொற்களில் வரும்: என்ஜினியரிங் படித்துவிட்டு ஏன் எம்பிஏ? இருக்கும் வேலையை ஏன் விடுகிறீர்கள்? பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த பதிலை எதிரே இருப்பவர்கள் அந்த வாரத்திலேயே பல முறை கேட்டிருப்பார்கள். நோட்டிலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்லுங்கள். "டெஸ்டிங் டீமில் இருந்தேன். வாடிக்கையாளர் ஏன் இந்த அம்சத்தைக் கேட்கிறார் என்று யோசிப்பதில்தான் என் கவனம் போனது" என்று தொடங்கினால் அடுத்த பத்து நிமிடப் பேச்சு உங்கள் பாதையில் போகும். பலவீனம் என்ன என்று கேட்டால், ஐந்து பேரிடம் கேட்டு வந்ததில் ஒன்றையும் அதற்கு இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

சொந்த ஊரைப் பற்றிக் கட்டாயம் தோண்டுவார்கள். கரூர் என்றால் வீட்டு ஜவுளி, திருப்பூர் என்றால் பனியன் ஏற்றுமதி, சிவகாசி என்றால் பட்டாசும் அச்சும். உங்கள் ஊர்த் தொழில் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று நாலு பேரிடம் பேசிவிட்டுப் போங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். நோட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். யோசனை தமிழில் தெளிந்த பிறகு அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றி, சத்தமாகப் பேசிப் பழகுங்கள். சொல்ல விஷயம் இருந்தால் எளிய ஆங்கிலம் போதும்.

சேர்ந்த பிறகு

நோட்டின் சாரத்தை ஒரே பக்கமாக எழுதிக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த வேலை தெம்பு தந்தது, எதைத் தள்ளிப்போடுகிறீர்கள், எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள், மாதத் தவணை எவ்வளவு, முதலில் முயலப்போகும் இரண்டு துறைகள் எவை. அக்டோபரில் எல்லோரும் ஒரே திசையில் ஓடும்போது அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். படித்துப் பார்த்துத் துறையை மாற்றினாலும் பரவாயில்லை, மாற்றியதற்கான காரணத்தை அதிலேயே எழுதுங்கள்.

ஷார்ட்லிஸ்ட் வரும் நாட்கள் கடுமையானவை. பள்ளியிலிருந்தே முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் முதல் தடவையாகப் பட்டியலில் தங்கள் பெயர் இல்லாததைப் பார்ப்பார்கள். தூக்கம் கெட்டால், சாப்பிடப் பிடிக்காமல் போனால் கல்லூரியின் மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்பது அரசின் டெலி மானஸ் எண், தமிழிலும் பேசலாம்.

இரண்டாம் வருடத்தில் விருப்பப் பாடம் எடுக்கும்போது, சிறு குழுவாக உட்கார்ந்து ஒருவர் நடத்தை மற்றவரை எப்படிப் பாதிக்கிறது என்று நேருக்கு நேர் பேசும் பாடம் இருந்தால் எடுங்கள். கர்ட் லெவினும் அவரோடு இருந்தவர்களும் 1946, 47இல் அமெரிக்காவில் தொடங்கிய டி-குரூப் முறையிலிருந்து வந்தது அது. இந்தியாவில் இசாப்ஸ் என்ற அமைப்பும் இந்தப் பயிற்சியை நடத்துகிறது. இறுக்கமாக இருக்கும், முதல் நாள் எழுந்து போய்விடலாமா என்று தோன்றும். ஜோஹாரியின் மூன்றாவது கட்டத்தை இவ்வளவு வேகமாக நிரப்பும் வேறு வகுப்பு எனக்குத் தெரியாது.

இன்டர்ன்ஷிப்பின் எட்டு வாரமும் தினம் ஐந்து வரி எழுதுங்கள், முதலில் எழுதிய அதே கேள்விகளோடு. பிபிஓ வந்தால் பதில் சொல்லக் கிடைக்கும் அவகாசம் குறைவாகவே இருக்கும், நண்பர்களின் வாழ்த்துச் செய்திகள் அதற்குள் வந்து குவிந்துவிடும். முடிவெடுக்கும் முன் அந்த நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் விலகிய ஒருவரிடமாவது பேச வேண்டும். அவருடைய எண்ணை இன்டர்ன்ஷிப் நடக்கும்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.